நெத்தி டாக்டரம்மா

ராயபுரத்தில் அந்த அம்மாளிடம் திட்டு வாங்காதவர்கள் இன்னும் பிறக்காதவர்கள்தான். மூலக்கொத்தளம் மயானத்துக்குப் போனவர்கள்கூட வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

தலைவலி என்று போனாலும், கால் சுளுக்கு என்று போனாலும் டாக்டரம்மாவின் முதல் கட்டளை, "புருவத்தைத் தூக்கு." பிறகு கண்ணை இறுக்கி மூடவேண்டும், பல்லைக் காட்டவேண்டும், கன்னத்தை உப்பவேண்டும். மீட்டர் பார்க்க வந்தவர் ஒருநாள் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். அதனால்தான் நெத்தி டாக்டரம்மா என்று பெயர்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். சாக்குக் கிடங்கில் கோணி தைத்து அம்மா படிக்கவைத்தாள். ஒரு காலை, அம்மா வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. வலது கண் மூடவில்லை. வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது.

பக்கவாதக்காரிக்கு வேலை இல்லை என்று கிடங்கு மேஸ்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பினார். பழைய செருப்பால் மறு கன்னத்தில் அறைந்தால் வாய் நேராகும் என்று பக்கத்து வீட்டுக்காரர் செருப்போடு வந்தார். செருப்பைப் பிடுங்கிக் கூரைமேல் எறிந்துவிட்டு அம்மாவை டாக்டரம்மாவின் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

அம்மாவின் வலப்பக்க நெற்றியில் ஒரு கோடும் விழவில்லை. மூளையில் வந்த வாதமானால் நெற்றி சுருங்கும், இது முகத்துக்குப் போகும் நரம்பின் வீக்கம், பெரும்பாலும் தானே சரியாகும் என்றார் டாக்டரம்மா. கண் உலராமல் சொட்டு மருந்து விட்டு, துணி கட்டச் சொன்னார். மேஸ்திரி கதையைச் சொன்னேன். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றாமலே எங்களையும் இழுத்துக்கொண்டு கிடங்குக்குக் கிளம்பிவிட்டார்.

"வாதம் வந்தவள வச்சிகினு நான் இன்னா பண்றது?" என்றார் மேஸ்திரி.

"புருவத்தைத் தூக்கு."

மேஸ்திரி தூக்கினார். மூட்டை சுமந்தவர்களும் தூக்கினார்கள்.

"கையைக் கொடு. பாக்கியம், வலது கையால அழுத்து."

அம்மா யாரையும் எதிர்த்துப் பேசியறியாதவள். தயங்கித் தயங்கித்தான் அழுத்தினாள். ஆனால் அது கோணி ஊசி பிடித்த கை. மேஸ்திரி முதலில் சிரித்தார், பிறகு நெளிந்தார், பிறகு முட்டி போட்டு, "வுடு தாயே" என்றார். அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

முகம்தான் திரும்பவில்லை. கண்ணாடி முன் புருவம் நெரித்துப் பழகு, கோபப்படு என்று டாக்டரம்மா தினமும் கத்துவார். கோபமே வரவில்லை என்பாள் அம்மா. வாரங்கள் ஓடின. அந்த முகம் அப்படியே நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம்.

ஒரு மாலை அம்மாவின் கண் சிவந்திருந்தது. டாக்டரம்மா என்மேல் பாய்ந்தார். "ஒரு துணியை ஒழுங்கா கட்டத் தெரியாதா? படிச்ச கழுதை."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"யார கழுதைன்ற? எங்க வம்சத்துலயே எழுத்து கத்துகினவ அவ ஒருத்திதான். இன்னொரு வாட்டி சொல்லு, பாக்கலாம்."

டாக்டரம்மா அம்மாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கமும் மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன.

"இன்னும் திட்டு, பாக்கியம்," என்றார்.

இப்போது நான் போகுமிடமெல்லாம் டீச்சர் என்கிறார்கள். அந்த அம்மாள் ஒருமுறை மூலக்கொத்தளத்திலிருந்து எழுந்து வந்து கழுதை என்று கூப்பிட்டால், ஓடிப்போய் முன்னால் நிற்பேன்.