ஐந்தாவது தேர்தலுக்கு ஒரு திருத்தம்

மதிப்பிற்கும் பயத்திற்கும் உரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். ஆனால் இந்த வீட்டில் நானும் என் வீட்டுக்காரியுமாக இரண்டு பேர்தான். மூன்றாவது ஆள் தங்களுடையவர். அண்ணி வந்து இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. போனில் விஷயத்தைச் சொல்லலாம் என்றால் என் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் உட்கார்ந்தும், எழுந்து போய் ஜன்னலில் நின்றும், திரும்ப வந்து உட்கார்ந்தும் இதை எழுதுகிறேன். நான் எழுதும் புத்தகம் அச்சகத்துக்குப் போக வெள்ளிக்கிழமை கெடு. இன்று செவ்வாய். அதற்குள் இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வராவிட்டால் நான் தொலைந்தேன்.

எல்லாம் அந்த நூலகத் தலைவரால் வந்த வினை. ஓய்வு பெற்று வீட்டில் சும்மா கிடந்தவனைக் கூப்பிட்டு, "தேர்தல் ஆபீசிலேயே முப்பத்திரண்டு வருஷம் இருந்தீங்களே, நம்ம சட்டமன்றத் தொகுதியோட வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமா எழுதிக் கொடுங்க" என்றார். நானும் பெருமை தாங்காமல் தலையாட்டிவிட்டேன். பதினோரு தேர்தல்தானே, பதினோரு அத்தியாயம், ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் அத்தியாயத்திலேயே மூச்சு முட்டியது. முதல் உறுப்பினரான செங்கல் சூளைக்காரர் ஐந்து வருஷத்தில் சபையில் ஒரே ஒரு முறை வாய் திறந்திருக்கிறார், அதுவும் "அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள்" என்று. அது சபைக் குறிப்பில் அச்சாகி இருக்கிறது, ஜன்னல் சாத்தப்பட்டதா என்று மட்டும் இல்லை. இரண்டாவது தேர்தலுக்கு முன்னால் எல்லையை மாற்றி ஆற்றுக்கு அக்கரையை நம்மோடு ஒட்டினார்கள். அக்கரைக்காரர்கள் ஒரு ஆள் விடாமல் பஸ் முதலாளிக்குக் குத்தினார்கள், ஏனென்றால் அவர் பஸ்ஸில் ஏறாமல் அவர்கள் எங்கேயும் போக முடியாது. மூன்றாவதில் அவரை எதிர்த்தவர் கையெழுத்துப் போடவேண்டிய கட்டத்தில் வயதையும் வயது போடவேண்டிய கட்டத்தில் கையெழுத்தையும் போட்டதால் மனு தள்ளுபடியாகி, பஸ் முதலாளி போட்டியே இல்லாமல் ஜெயித்தார். நான்காவதுக்கு மறுபடி எல்லையை மாற்றியவர் யாரோ ஸ்கேலைச் சாய்த்து வைத்துவிட்டார் போல, கோடு நம்ம தெருவின் நடுவிலேயே ஓடியது. தையல்காரர் கடையில் மெஷின் ஒரு தொகுதி, துணி அடுத்த தொகுதி. அதையும் ஆதாரத்தோடு எழுதினேன். அதுவரை யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை.

ஐந்தாவது தேர்தல் வந்தது. அதாவது தாங்கள் நின்றது. அதை எழுதப் பேனாவை எடுத்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும் போலிருக்கும், போனால் ஒன்றும் இருக்காது. கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு உள்ளதை உள்ளபடி எழுதினேன்: பல் டாக்டர் 12,408, மருந்துக்கடைக்காரர் 12,407, மூன்று முறை எண்ணியும் மாற்றமில்லை. தங்கள் பெயரைப் போடாமல் மருந்துக்கடைக்காரர் என்று மட்டும் போட்டேன், மரியாதைக்காக. சரிபார்க்கட்டும் என்று தலைவர் அச்சுப் படியைத் தங்களுக்கு அனுப்பினார். தாங்கள் அந்த இடத்தில், ஓரத்தில், சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்தீர்கள்: 'தோல்விக்குக் காரணம் வேட்பாளரின் வீட்டிலேயே இருந்தது.' அந்தப் படியை மேஜையிலேயே விரித்துவிட்டுக் குளிக்கப் போனீர்கள். அண்ணி மேஜை துடைக்க வந்தார்.

பிறகு நடந்தது தங்களுக்கே தெரியும். தேர்தல் அன்று ஓட்டு வரிசையில் நின்ற அண்ணி, அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து பாதியில் வீட்டுக்கு ஓடியதைத் தங்கள் ஏஜெண்டாக இருந்த தையல்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "அணைச்சுட்டுத் திரும்பி வந்து போட்டேன்" என்று அண்ணி சொன்னார். இருபத்தெட்டு வருஷமாகத் தாங்கள் நம்பவில்லை. டீ ஆறிப்போனால் அந்த ஓட்டு, சாவி தொலைந்தால் அந்த ஓட்டு, பெரியவள் கணக்கில் தோற்றதற்குக்கூட அந்த ஓட்டு. பையோடு என் வாசலில் வந்து நின்ற அண்ணி சொன்னது ஒன்றுதான்: "வாயால சொன்னது காத்தோட போச்சுன்னு இருந்தேன் தம்பி. இப்ப லைப்ரரில அச்சுப் போட்டு வைக்கப் போறாராம். பேரப்பிள்ளைங்க எடுத்துப் படிக்கும். அந்த வரி வந்துச்சுன்னா நான் அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்."

அண்ணே, அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதல் வாரம் விருந்தாளியாக இருந்தார். இரண்டாவது வாரம் என் சமையலறையில் டப்பாக்கள் எல்லாம் இடம் மாறின. சர்க்கரை என்று எடுத்தால் உப்பு வருது, உப்புன்னு எடுத்தா சோப்புத்தூள் வருது, என் வீட்டுக்காரியிடம் முறையிட்டால் "அக்கா வெச்ச இடம்தான் சரி, இத்தனை வருஷம் நீங்கதான் தப்பா எடுத்துக்கிட்டிருந்தீங்க" என்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என் தேர்தல் காகிதங்களை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். பகலெல்லாம் சிரிப்பும் பேச்சுமாக இருக்கிறார், ஆனால் சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், வாசலைப் பார்க்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். தாங்கள் கடையடைக்கிற நேரம் அது. பார்க்கவே பொறுக்கலை அண்ணே.

இனிமேல்தான் விஷயம். ஒரு நிமிஷம், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். நேற்று, மறு எண்ணிக்கை பற்றி ஒரு அடிக்குறிப்புக்காக என் பழைய தேர்தல் விதிப் புத்தகத்தை மாடிப்படிக்கு அடியில் தவழ்ந்து போய் எடுத்தேன். நடுவில் அடையாளத்துக்கு ஏதோ செருகியிருந்தது. உருவிப் பார்த்தால் ஒரு உறை. ஒட்டிய உறை. என் கையெழுத்து, என் அடையாள எண், அந்த வருஷம். தாங்கள் நின்ற அன்று எனக்கு அக்கரைச் சாவடியில் அதிகாரி வேலை என்பது ஞாபகமிருக்கும். வேலையில் இருப்பவர்கள் தபாலில்தான் ஓட்டுப் போடவேண்டும். போட்டேன் அண்ணே, சத்தியமாகத் தங்களுக்குத்தான் குத்தினேன், மடித்தேன், உறையில் வைத்து ஒட்டினேன். பெட்டியில் போடுவது ஒன்றுதான் பாக்கி. அதற்குள் யாரோ ஒரு சந்தேகம் கேட்க, விதியைப் புரட்டி, பக்கம் மாறிவிடக்கூடாதே என்று கையிலிருந்த உறையை அங்கே வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் என்று பார்த்தேன். 'தபால் வாக்குகளை உரிய நேரத்தில் சேர்ப்பித்தல்.' ஊரெல்லாம் ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்னு போஸ்டர் ஒட்ட வெச்சவன் நான்.

என் வாக்குச் சேர்ந்திருந்தால் சமம் ஆகியிருக்கும், சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்பார்கள், தாங்கள் ஜெயித்தும் இருக்கலாம். அந்தப் பல் டாக்டர் ஒரே ஒரு முறை சபைக்குப் போய்விட்டு அடுத்த தேர்தலில் மூன்றாவதாக வந்து பழையபடி பல் பிடுங்கப் போய்விட்டார். ஊரில் வேறு பல் டாக்டர் கிடையாது. வீம்புக்கு அவரிடம் போகாமல் தாங்கள் ஒவ்வொன்றாக ஏழு பல்லை இழந்தீர்கள். அந்த ஏழும் என் கணக்கில்தான். அண்ணி பட்ட பேச்சும் என் கணக்கில்தான். வெட்கமாக இருக்கிறது, மன்னியுங்கள்.

(இப்போதுதான் அண்ணி எட்டிப் பார்த்து "யாருக்குத் தம்பி இவ்வளவு நீளமா?" என்றார். நூலகத் தலைவருக்கு என்று சொல்லியிருக்கிறேன்.)

ஆகவே தங்களைக் காலில் விழுந்து கேட்டுக்கொள்வது: அந்தச் சிவப்பு வரியை அடித்துவிடுங்கள். அங்கே 'தோல்விக்குக் காரணம் இந்நூலாசிரியர்' என்று எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்கு அனுப்புங்கள். பேரப்பிள்ளைகள் என்னைத் திட்டிக்கொள்ளட்டும். பிறகு நேரில் வந்து அண்ணியை அழைத்துப் போங்கள். உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் பிரிக்கவில்லை. சட்டப்படி எண்ணும் அதிகாரிதான் பிரிக்கவேண்டும், அவர் காலமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு என் ஆசியையும் சொல்லுங்கள். என் மேல் கோபம் வந்தால் என்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்பு மாறாத, ஓட்டு மட்டும் வந்து சேராத,
தம்பி

பி.கு.: அண்ணே, மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்குகிறேன். நான் தபால்தலை தேடிய நேரத்தில் அண்ணி இதை முழுக்கப் படித்துவிட்டார். அழுவார் என்று பயந்தேன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அன்னிக்கு அடுப்பை அணைச்சுட்டுத் திரும்பி வந்தேன், ஓட்டும் போட்டேன். போடலைன்னு சொன்னதுதான் எனக்கு ஆத்திரம். யாருக்குப் போட்டேன்னு உங்கண்ணன் ஒரு நாளும் கேட்கலையே" என்றார். எனக்குப் புரியவில்லை. "பல் டாக்டருக்குத்தான். உங்கண்ணன் ஜெயிச்சா அஞ்சு வருஷம் தலைநகரத்துல கிடப்பாரு. பெரியவளுக்கு ஆறு வயசு, சின்னவ கைக்குழந்தை. எனக்கு அவரு வீட்ல வேணும்னு இருந்துச்சு தம்பி, குத்திட்டேன்" என்றார். நான் உடனே காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அந்த ஓட்டு தங்கள் பக்கம் விழுந்திருந்தால், என் உறை எங்கே கிடந்தாலும், தாங்கள்தான் ஜெயித்திருப்பீர்கள். இதையும் எழுதச் சொன்னது அவர்தான். நாளைக் காலைப் பத்து மணி பஸ்ஸில் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே வருகிறார், வந்ததும் முதல் வேலையாகத் தங்களைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போவாராம். அந்தச் சிவப்பு வரியை அடிக்க வேண்டாமாம், தாங்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்களாம்.