ஐலசாவுக்குத் தடை போட்ட முட்டி மாஸ்டர்

உலகத்தில் மற்ற உடற்பயிற்சி வாத்தியார்கள் எல்லாரும் சிஷ்யனின் நெஞ்சை அளப்பார்கள், புஜத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். மனுஷனை முட்டியிலிருந்து ஆரம்பித்து மேலே பார்த்த வாத்தியார் எனக்குத் தெரிந்து இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பழவேற்காட்டு முட்டி மாஸ்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. அவருக்கே மறந்துபோயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

தெருவில் எதிரே வந்தால் சௌக்கியம் விசாரிக்க மாட்டார். "முட்டி எப்படி கீது நைனா?" என்பார். ஆரம்பாக்கத்துப் பக்கத்து ஆள், பேச்சில் தெலுங்கு வாடை அடிக்கும். அதனால் சின்னப் பையன், கிழவர், போலீஸ்காரர் எல்லாருமே அவருக்கு நைனாதான். ஒரு கல்யாணத்தில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் முன்வரிசையிலிருந்து எழுந்தார். "நைனா, எம்மா நேரமா ஒரே மாதிரி சம்மணம் போட்டுகினு கீற. காலை மாத்திப் போடு. அப்பால அக்கினி சுத்த எயுந்துக்கவே முடியாது" என்றார். மாப்பிள்ளை காலை மாற்றிப் போட்டார். பார்த்தால் ஐயரும் சத்தமில்லாமல் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மாஸ்டரின் பயிற்சிக்கூடம் ஏரிக்கரையில் ஓர் ஓலைக் கொட்டகை. பெயிண்ட் டப்பாவில் ஊற்றிக் காயவைத்த சிமெண்ட், பழைய போட் இன்ஜின் சக்கரங்கள், கொக்கி உடைந்த ஒரு நங்கூரம், இவைதான் எடைகள். சுவரில் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறக்கிற ஆஞ்சநேயர் படம். தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுச் சொல்லுவார்: "பாத்தியா? மலைய தூக்கச் சொல்லோ கூட சாமி முட்டி மடங்கித்தான் கீது. வெறச்சிகினு நிக்கல." கேட்க எனக்குச் சிரிப்பு வரும். கை மட்டும் தானாகக் கூப்பிக்கொள்ளும்.

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்த நான் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததற்குக் காரணம் என் மகள். ஐந்து வயதில் காய்ச்சல் கண்டு படுத்தவள் கண்ணே திறக்கவில்லை. என் வீட்டுக்காரி அம்மன் முன்னால் விழுந்து, "எம்புள்ள எயுந்து நடந்தா வர்ற மாசி மகத்துக்கு எங்க ஊட்டுக்காரரு ஒன்ன தோள்ல சொமப்பாரு தாயே" என்று வேண்டிக்கொண்டாள். மகள் எழுந்து நடந்தாள், ஓடவும் செய்தாள். வேண்டுதல் அவளுடையது, தோள் என்னுடையது.

பல்லக்கைச் சுமப்பது மட்டும் என்றால் பரவாயில்லை. எங்கள் குப்பத்து வழக்கப்படி அலை தொடுகிற இடத்தில் அம்மன் கடலுக்கு மூன்று வணக்கம் வைக்க வேண்டும். அதாவது சுமக்கிறவர்கள் அத்தனை பேரும் பல்லக்கோடு குந்தி, பல்லக்கோடு எழ வேண்டும். அதுவும் ஈர மணலில். ஒருத்தன் கால் மடங்கினால் அம்மன் சாய்ந்துவிடுவாள். அப்புறம் ஊரில் தலை காட்ட முடியாது. அந்தப் பயத்தில்தான் மாஸ்டரிடம் பஸ்கி பழகப் போனேன்.

அவர் என் தோளில் ஒரு துடுப்பை வைத்தார். வாரக்கணக்கில் அதே துடுப்புதான்.

"மாஸ்டர், கடல்ல துடுப்பு புடிச்சே கை காச்சிப் போச்சி. இங்கயும் அதேவா?"

"கடல்ல அது உன்ன இட்டுகினு போவுது. இங்க நீ அத்த ஒயுங்கா இட்டுகினு வா, பாப்போம்."

பாடம் நடத்த எங்களை டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போவார். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவே பயப்படுவார்கள். மாஸ்டர் அவற்றின் முட்டியைச் செல்லமாகத் தட்டி, "இதான் கீலு. ரெண்டு எலும்பு, மேல ஒரு சில்லு. இத்த கட்டிக் காப்பாத்தறது தொடை சதை. மொதல்ல சதைய வளத்துக்க, அப்பால எடைய ஏத்து" என்று விளக்குவார். ஒருநாள் என் மச்சான் அங்கே சாய்ந்து கிடந்த ஒரு பெரிய கல்லைத் தூக்கப் போனான். "வோணாம் நைனா. இத்த தூக்கப் போன டச்சுக்காரன்தான் உள்ள படுத்துகினு கீறான்" என்றார். மச்சான் கையை எடுத்துவிட்டான்.

கொட்டகைச் சுவரில் கரியால் ஒரே ஒரு சட்டம் எழுதியிருக்கும்: 'இங்கு பாடக் கூடாது.' எங்கள் ஆட்களுக்குக் கனமான எதையும் வாயை மூடிக்கொண்டு தூக்கத் தெரியாது. படகைக் கரையேற்றும்போது ஒருவன் பாட்டு எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் ஐலசா என்போம். அந்த 'சா' வரும்போது எல்லாரும் ஒரே வெட்டாக வெட்டி இழுப்போம். இருபது பேர் சேர்ந்து படகை இழுக்க அது சரி. தோளில் எடையோடு குந்தியிருக்கிற ஒற்றை ஆள் அப்படி வெட்டி எழுந்தால் முட்டி என்னாவது? "எடைய கெஞ்சித் தூக்கு, அதட்டித் தூக்காத" என்பார் மாஸ்டர்.

மகத்துக்கு இன்னும் இரண்டு மூன்று மாசம் இருக்கும்போது மாஸ்டர் ஒரு காதுகுத்துக்காகப் பொன்னேரி போயிருந்தார். நான் இரண்டு இன்ஜின் சக்கரத்தைத் தோளில் ஏற்றிக் குந்தினேன். எழும்போது பாதியில் மாட்டிக்கொண்டேன். மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. சுற்றியிருந்த பிள்ளைகள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். சினேகிதன் சுமையோடு தவித்தால் எங்கள் ஊரில் யாருக்கும் பாடத்தான் தோன்றும். மச்சான் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "ஐல..." என்றார்கள். பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு என்னைக் கேட்கவேயில்லை. 'சா'வுக்குச் சரியாக ஒரு வெட்டு வெட்டி எழுந்தது. முட்டிக்கு மேலே தொடையில் படக்கென்று ஒரு சத்தம். அதோடு உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்த மாஸ்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. "யார்ரா பாடுனது?" என்றுதான் கேட்டார்.

பொன்னேரி டாக்டர் பார்த்துவிட்டு, சதை கொஞ்சம் கிழிந்திருக்கிறது, முழுசாக அறுந்துபோகவில்லை, ஆபரேஷன் வேண்டாம், அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள் என்றார். மாஸ்டர் அதை வேத வாக்காகப் பிடித்துக்கொண்டார். எண்ணெய்க் கிண்ணத்தோடு உருவிவிட வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே மறித்தார். "கியிஞ்ச வலைய உருவுவியா? வுட்டு வெச்சித்தானே தைப்ப? அப்டியே வுடு." வீக்கத்துக்கு ஐஸ் வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன் பெட்டி ஐஸ்தான். துணியில் கட்டி அதைத்தான் வைத்தார்கள். என் கால் எறா வாசனை அடித்தது. தெருப் பூனைகள் எல்லாம் நலம் விசாரிக்க வந்துபோயின.

வீட்டுக்காரி கண் கலங்கினாள். "மாஸ்டர், சாமிக்கு சொன்ன வார்த்தை இன்னா ஆவறது?"

"அம்மா தோளத்தானே கேட்டா? முட்டிய நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு தாயி, கால் ரெடியாவலன்னா அடுத்த மாசிக்குத்தான். அவ வெயிட் பண்ணுவா. கியிஞ்ச சதை அவசரத்த தாங்காது."

வீக்கம் வடிந்ததும் நாற்காலியில் உட்கார வைத்து எழுப்பினார். பிறகு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நடக்கவிட்டார். அங்கே கையால் தடவி எறா பிடிக்கிற பெண்களுக்கு நான்தான் பொழுதுபோக்கு. "இன்னாண்ணே, ஏரிய அளக்கறியா? பட்டா வாங்கப் போறியா?" என்பார்கள். அதன் பிறகு மறுபடி துடுப்பு. அதை என் தோளில் வைத்தபோது மாஸ்டர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

துடுப்புக்குப் பிறகு சிமெண்ட் டப்பா வரும் என்று பார்த்தேன். மாஸ்டர் என் மகளைத் தூக்கி என் தோளில் உட்கார வைத்தார். "இவதான் ஒன் வெயிட்டு. இவள கீய போட மாட்ட, வெட்டியும் எயுந்துக்க மாட்ட." அது முழுக்க உண்மை. அவள் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, நான் பூப்போலக் குந்தி எழுந்தேன். ஒருநாள் அவள் கையில் முறுக்குப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு மாஸ்டர் நிஜமாகவே கோபப்பட்டார். "என்ன கேக்காம வெயிட்ட ஏத்துனது யாரு?"

மகத்துக்கு முந்தின நாள் வரைக்கும் மாஸ்டர் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அன்று காலை மகளோடு குந்தி எழச் சொன்னார். மணலில் முட்டி போட்டு, முகத்தை என் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். எழுந்து மணலைத் தட்டினார். "போய் சாமிய தூக்கு நைனா."

மறுநாள் அலையோரத்தில் முதல் வணக்கத்துக்கு அம்மனோடு குந்தினோம். ஊரே பாட வாயைத் திறந்தது. அதே ஐலசாதான். வெட்டி எழச் சொல்லுகிற பாட்டு அது. என் உடம்பு அதை விட்டு வேறு எதையும் கேட்காது. அப்போது மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, எங்களுக்கு எதிரே நின்று கையைத் தூக்கினார். பாட்டுக்குத் தடை போட்ட அந்த மனுஷன் அவரே எடுத்துக் கொடுத்தார். குரல் தகர டப்பா. ஆனால் அந்த 'ஐல'வை இழுத்தார், இழுத்தார், ஓர் அலை வந்து திரும்பிப் போகிற வரைக்கும் இழுத்தார். 'சா' வந்தபோது நாங்கள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தோம். இரண்டாவது வணக்கமும் அப்படியே. மூன்றாவதில் தொடை நடுங்கியது. "தாயே, எம்பொண்ணு ஒக்காந்துகினு கீதுன்னு நெனச்சிக்கறேன்" என்று மனசுக்குள் சொன்னேன். என் தோளில் இருந்தது அம்மனா, என் மகளா என்று தெரியாமலே எழுந்தேன்.

மச்சான் அப்புறம் அவரை வம்புக்கு இழுத்தான். "இன்னா மாஸ்டர், ஊரே சாமியப் பாத்துது. நீ மட்டும் இவன் காலையே பாத்துகினு இருந்த?"

"சாமிய பாக்கத்தான் ஊரே இருந்துச்சே நைனா" என்றார்.

மாஸ்டர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. எங்கள் குப்பத்தில் மட்டும் மகத்துப் பாட்டு இன்றைக்கும் அதே இழுவைதான். பக்கத்துக் குப்பத்தார் கிண்டல் செய்வார்கள். அம்மன் மூன்றாம் வணக்கம் வைத்து எழும்போது கூட்டம் முழுக்கக் கையெடுத்து அவள் முகத்தைப் பார்க்கிறது. நானும் கை கூப்பித்தான் நிற்கிறேன். கண் மட்டும் தூக்குகிற பிள்ளைகளின் முட்டிக்குப் போய்விடுகிறது. அம்மா தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.