கட்டைவிரல் லெம்பிரா

"கட்டைவிரல் யாரு?" என்று கேட்டாள் அன்னம்மா.

"லெம்பிரா. ஹோண்டுராஸ் நாட்டுப் பணம். ஸ்பெயின்காரனை எதிர்த்துச் சண்டை போட்ட ஒரு தலைவர் பேரு."

"ஆள்காட்டி விரல்?"

"குவெட்சால். குவாத்தமாலா. பறவை பேரு."

"நடுவிரல்?"

"குவாச்சா. ஸாம்பியா. விடியல்னு அர்த்தம்."

எதிர் இருக்கையிலிருந்த இளைஞன் கோவிந்தசாமியை முறைத்துவிட்டு எழுந்து, ரயில் பெட்டியின் மறுகோடிக்குப் போனான்.

"நடுவிரலை மட்டும் தனியா நீட்டாதீங்கன்னு சொன்னேன்ல!" என்று அவர் கையைப் பிடித்து இறக்கினாள் மனைவி அன்னம்மா. "மோதிர விரல்?"

"கூர்ட். ஹெய்ட்டி. சுரைக்காயிலேருந்து வந்த பேருன்னு சொல்றாங்க."

"சுண்டு விரல்?"

"அது சும்மா இருக்கட்டும் லா. மண்டையில இடமில்ல."

ஆயுள் முழுக்கச் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டிய மனிதர் கோவிந்தசாமி. ஆங் மோ கியோவிலிருந்து எந்த மூலைக்குப் போகச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார். ஆனால் பெயர் தெரியாத நாடுகளின் பெயர் தெரியாத பணத்துக்குப் பெயர் வந்த வரலாற்றைப் படிக்க வேண்டும் என்று அவர் தலையில் எழுதியிருந்தது. எழுதியது பிரம்மா அல்ல, அவருடைய கோபம்தான்.

மகன் அருண்ராஜ் மிரண்டாவை விரும்பினான். போன மாதம் பெண் வீட்டில் பேசப் போனார்கள். "தாலி கோயில்லதான் கட்டணும்" என்றார் கோவிந்தசாமி. "என் பொண்ணு கல்யாணம் சர்ச்லதான்" என்றார் மிரண்டாவின் அப்பா இயேசுதாசன். வாய் வார்த்தை தடித்து, ஊற்றிய காபியைக்கூடத் தொடாமல் கோவிந்தசாமி எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து மகன் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரே பிள்ளை. வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாமே என்று அவருக்கு ஒவ்வொரு நாளும் நெஞ்சு வலித்தது.

அப்போதுதான் அன்னம்மா வழி கண்டுபிடித்தாள். இயேசுதாசனுக்கு ஊர் உலகம் அறியாத பணங்களின் மேல் பைத்தியமாம். அவற்றின் பெயர்க்கதைகளைப் பேச ஆள் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாமாம். "அதையே பேசுங்க. மனுஷன் உருகிடுவாரு. கோயில், சர்ச்னு வாயே திறக்காதீங்க" என்றாள். பிள்ளைகள் வேண்டாம், பெரியவர்கள் நால்வர் மட்டும் லிட்டில் இந்தியாவில் மதியச் சாப்பாடு என்று ஏற்பாடானது.

ரேஸ் கோர்ஸ் சாலை உணவகத்தில் இயேசுதாசனும் அவர் மனைவி பிலோமினம்மாளும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வாழையிலை விழுந்தது. சோறு விழுந்தது. குழம்பை ஊற்றிப் பிசைந்த பிறகுதான் கோவிந்தசாமிக்குத் தன் திட்டத்தின் ஓட்டை தெரிந்தது. சோற்றைப் பிசையும்போது ஐந்து விரலும் ஒன்றுதான். கட்டைவிரல் எது, ஆள்காட்டி எது என்று தலைவரும் பறவையும் மீன் குழம்பில் கலந்துவிட்டார்கள்.

"அப்புறம் சார்," என்று தொண்டையைச் செருமினார் இயேசுதாசன். "லெம்பிரா பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"அருமையான பறவை."

"பறவையா? தலைவர்னுல்ல..."

"தலைவர்தான்! பறவை மாதிரி பறந்து பறந்து சண்டை போட்ட தலைவர்."

"ஓ! ஆமாமா," என்றார் இயேசுதாசன். "அப்ப குவெட்சால்?"

கோவிந்தசாமி உஷாரானார். வலது கை போனால் போகட்டும், இடது கை இருக்கிறது. மேசைக்கு அடியில் இடது கையை விரித்தார். அவசரத்தில் சுண்டு விரலிலிருந்து எண்ணத் தொடங்கினார். சுண்டு விரலில் ஒன்றுமே இல்லை. அடுத்த விரலைப் பிடித்தார்.

"சுரைக்காய்."

"சுரைக்காயா?"

"அந்தப் பறவை சுரைக்காய்தான் திங்கும் சார். வேற எதையும் தொடாது."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். விரல் சுரைக்காய் பேச்சுக்குக்கூட உதவவில்லை. பெண்கள் இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தங்களுக்குள் ஏதோ குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். காப்பாற்ற ஆளில்லாத கோவிந்தசாமி, இனிப் பெயர்க்கதை ஆகாது, வேறு வழி பிடிக்கலாம் என்று நினைத்தார்.

"எதுக்குச் சார் வாயால பேசிக்கிட்டு? எங்கிட்ட எல்லா நோட்டும் இருக்கு. வீட்டுல ஒரு ஆல்பமே வச்சிருக்கேன்."

சொன்ன பிறகுதான் அதன் ஆபத்து புரிந்தது.

"அப்படியா!" என்றார் இயேசுதாசன். "அப்ப ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன்."

"வரலாம்... ஆனா கரையான் அரிச்சிடுச்சு."

"நீங்க பதினோராவது மாடின்னு சொன்னாங்களே. அங்க எப்படிக் கரையான்?"

"லிஃப்ட்ல வந்திருக்கும் சார்."

இயேசுதாசன் அவரையே பார்த்தார். பிறகு இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

கோவிந்தசாமி பாதிச் சோற்றோடு இலையை மடித்தார். குட்டு உடைந்துவிட்டது. பொய்யன் வீட்டுக்கு எவன் பெண் கொடுப்பான்? மகனின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. இனி மானம் பார்த்துப் பயனில்லை, காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவரும் எழுந்து பின்னால் போனார்.

கை கழுவும் இடத்தில் இயேசுதாசன் சுவரைப் பார்த்து நின்றார். வலது கையில் காயாத ரசம். இடது கையில் கைப்பேசி. "குவெட்சால், பறவை. லெம்பிரா, தலைவர். சுரைக்காய் எங்கேருந்து வந்துச்சு? மாதாவே, எனக்குச் சுரைக்காய் ஞாபகமே இல்லையே!" என்று திரையில் தேடித் தேடிப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"சார்?"

இயேசுதாசன் திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் வெளிறிவிட்டது. "மன்னிச்சிடுங்க சார். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு இதுல உயிருன்னு பிலோமினா சொன்னா. உங்க மனசு கோணக் கூடாதுன்னு ஒரு வாரமா உருப்போட்டேன்."

"எனக்கு உயிரா? உங்களுக்குத்தான் பைத்தியம்னு அன்னம்மா சொன்னா!"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் இயேசுதாசனின் தோள் குலுங்கியது. பிறகு கோவிந்தசாமிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்கள். ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் கோவிந்தசாமிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"அன்னைக்கு உங்க வீட்டுல நான் கத்தினது தப்பு, சம்பந்தி."

"நான் மட்டும் என்ன, உங்களைவிட ஒரு கட்டை மேல கத்தினேன்."

"பாவம் சம்பந்தி, பொம்பளைங்க. யாரோ எதையோ சொல்ல, இவங்க வேற எதையோ புரிஞ்சுக்கிட்டாங்க."

"அவங்களைத் திட்டாதீங்க. வெள்ளந்தி மனசு." இயேசுதாசன் அவர் தோளில் கை போட்டார். "கல்யாணம் கோயில்லயா, சர்ச்லயான்னு ஆம்பளைங்க நாம உக்காந்து, நிதானமா யோசிச்சு, முடிவு பண்ணிடுவோம்."

"அதுதான் முறை" என்றார் கோவிந்தசாமி நெஞ்சை நிமிர்த்தி.

இருவரும் தோளோடு தோளாக மேசைக்குத் திரும்பினார்கள். பெண்கள் இவர்களுக்கு முதுகு காட்டிப் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிலோமினம்மாள் சொல்வது தெளிவாகக் கேட்டது:

"காலையில கோயில், சாயந்தரம் சர்ச், ரெண்டுக்கும் தேதி வாங்கியாச்சு அன்னம்மாக்கா, அடுத்த வாரம் நகை, சாப்பாடு, பத்திரிகை எல்லாம் பேசணும், அதுவரைக்கும் இவங்க ரெண்டு பேரும் உருப்போட அடுத்து என்ன பாடம் குடுக்கலாம்?"