மூடுபனியில் ஒரு தகரக் கச்சேரி

ஊரில் யாருக்கும் புரியாதது தனக்கு மட்டும் புரிகிறது என்று நம்புகிறவனை வீட்டுப் பக்கம் சேர்க்காதீர்கள். உங்கள் சோற்றில் மண்ணைப் போடாமல் அவன் போகமாட்டான். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான். சோறு கருப்பையா அண்ணனுடையது.

எழுபதுகளின் நடுவில் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் கடைசி கிளார்க். அம்மா கொழுந்து எடுத்தவள், அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டியவர். நான் பத்தாம் வகுப்பு தேறியதால் மேஜை கிடைத்தது. மேஜை கிடைத்ததும் திமிர் வந்தது.

அந்தச் சமயம், கொடைக்கானலுக்கு வழி தவறிய ஒரு ஜெர்மன்காரன் எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தான். (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு அங்கே லயம் என்று பெயர். மற்றபடி அதில் தாளமும் கிடையாது, லயமும் கிடையாது, ஒழுகல்தான்.) ஒரு வாரம் அம்மாவின் கஞ்சியையும் கருவாட்டையும் தின்றுவிட்டு, கைம்மாறாக ஒரு கேசட் ரெக்கார்டரையும் சில கேசட்டுகளையும் விட்டுப் போனான். பாட்டு என்று நினைத்துப் போட்டேன். ஒருவன் அரத்தால் இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் முழுக்கத் தேய்த்தான். திருப்பிப் போட்டால் அந்தப் பக்கமும் அவனே தேய்த்தான். இன்னொரு கேசட்டில் யாரோ குழாய்க்குள் மூச்சு விட்டார்கள். பாட்டு வரும் வரும் என்று காத்திருந்தேன். மூச்சுதான் வந்தது.

சுரணை உள்ளவன் நிறுத்தியிருப்பான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. (சிலிர்க்கவெல்லாம் இல்ல, சும்மா பீத்திக்கிட்டது என்கிறாள் என் மனைவி. அப்போது அவள் அங்கே இல்லை. ஆனாலும் சரியாகத்தான் சொல்கிறாள்.)

அப்படித்தான் 'கரகரப்பு' பிறந்தது. புதுவகை இசைக்கான தனி ஏடு. ஆசிரியர் நான். துணை ஆசிரியர் மாடசாமி, ஃபாக்டரியில் மிஷின்களுக்கு எண்ணெய் விடுகிறவன், என் வயசுச் சோட்டாள். உர அறிவிப்பு அடிக்கிற ஆபீஸ் சைக்ளோஸ்டைல் மிஷினில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அடிப்போம். நான் ஸ்டென்சில் வெட்டுவேன், அவன் கைப்பிடியைச் சுற்றுவான். ரேடியோவில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே வரும் இரைச்சலைப் பற்றி ஒரு கட்டுரை. தேயிலை உருட்டும் மிஷினின் சத்தத்துக்கு நான்கு பக்க விமர்சனம். அதில் 'பிற்பகுதியில் ஒரு துணிச்சலான மௌனம்' என்று புகழ்ந்திருந்தேன். (பெல்ட் அறுந்து நின்றுவிட்டது.) மூன்றாம் இதழின் தலையங்கம்தான் என் உச்சம்: 'ஒலிக்குப் பொருள் கிடையாது. ஒலியில் பொருள் தேடுகிறவன் செவிடன்.'

இதழ்களை டீக்கடையில் வைத்தோம். கடைக்காரர் அவற்றில் வடை மடித்தார்.

நான்காம் இதழுக்கு முன் அவசரநிலை வந்தது. ஹெட் கிளார்க் சார் எங்கிருந்தோ ஒரு இதழைப் பிடித்து, முதலில் இருந்து கடைசிவரை படித்து, ஒன்றும் புரியாமல், ஒன்றும் புரியாததாலேயே இது நக்சலைட்டுகளின் ரகசியப் பாஷை என்று முடிவு கட்டினார். "எடோ, இது கம்பெனி மிஷினாணு. என்னையும் ஜெயிலில் கேற்றணுமோ?" என்று தன் மலையாளத்தில் கத்தி, சைக்ளோஸ்டைல் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கரகரப்பின் குரல்வளை அத்துடன் நெரிபட்டது. வேறு மிஷினுக்கு மலையில் எங்கே போவது?

அப்போதுதான் வேலுச்சாமி அண்ணாச்சி வந்தார். போடியில் சின்ன அச்சகம் வைத்திருந்தவர். எங்கள் மலைக்குக் கல்யாணப் பத்திரிகைக் கட்டு கொண்டுவந்தவருக்கு டீக்கடையில் வடை கொடுத்திருக்கிறார்கள். வடை தீர்ந்த பிறகும் தாளை அவர் எறியவில்லை. நேராக என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, நாலு தடவ படிச்சேன். ஒரு எழவும் வெளங்கல. வெளங்காத ஒண்ண இம்புட்டுக் கோவமா ஒருத்தன் எழுதியிருக்கான்னா உள்ள என்னமோ இருக்குன்னு தோணுச்சு."

"போலீசுக்குப் பயம் இல்லையா அண்ணாச்சி?"

"எனக்கே வெளங்கல, போலீசுக்கா வெளங்கப் போகுது? கல்யாணப் பத்திரிக, கருமாதிப் பத்திரிக, சினிமா நோட்டீசு. இதையே அடிச்சு அடிச்சு எனக்குச் சீவன் போச்சுப்பா. அடுத்த ஞாயித்துக்கெழம வாறேன். எழுதுனதெல்லாம் கெடக்கட்டும், அந்தச் சங்கீதத்த நேருல கேக்க வையி. எந் நெஞ்சு ஒரு தடவ அசஞ்சாப் போதும். ஒரு வருசத்துக்கு உம் பத்திரிக எம் மிசின்ல. காயிதமும் என்னுது."

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அச்சு! ஈய எழுத்தில் கரகரப்பு! இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கைகொடுத்தால் இதழ் பிழைக்கும். இல்லாவிட்டால் நான் வெறும் உர அறிவிப்பு கிளார்க்.

வாத்தியம் ஏது? மண்ணெண்ணெய் டின், உர டிரம், ஃபாக்டரியில் கழித்துப் போட்ட தகரம். அடிக்க மாடசாமியின் ஃபாக்டரிக் கூட்டாளிகள் சிலர். விஷயத்தைச் சொன்னதும் மாடசாமி என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"ஏலே, தகரத்தத் தட்டுனா ஆன வந்துருச்சின்னுல்லா நெனப்பாக?"

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் காட்டானை இறங்கினால், முதலில் பார்த்தவன் தகரத்தைத் தட்டுவான். அது காதில் விழுந்த அடுத்த லயத்துக்காரன் தன் தகரத்தைத் தட்டுவான். அப்படியே மலைக்கு மலை போகும். கேட்டவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டுப் பந்தத்தோடும் வெடியோடும் ஓடிவர வேண்டும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு?

"ராத்திரி தட்டுனாத்தாம்ல ஆன. பகல்ல தட்டுனா கலை" என்றேன்.

"ஆன மணி பாத்தா வரும்?"

"மூணாவது இதழ் தலையங்கம் படிச்சியா இல்லியா?"

"ஹேண்டில் சுத்துனேன். படிக்கல. அன்னிக்குச் சாயந்தரம் எதிர்மலையில கருப்பையா அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. கெடா வெட்டுதாக. நாம தகரத்தத் தட்டிட்டு நிக்கணுமாக்கும்!"

கருப்பையா அண்ணன் எதிர்மலை லயத்தின் சூப்பர்வைசர். மலையே அங்கே சாப்பிடப் போகிறது, அதனால் மைதானம் காலியாக இருக்கும் என்று எனக்குச் சந்தோஷம். எனக்கும் அழைப்பு உண்டு. கலைஞன் காதுகுத்துக்குப் போவானா என்று அம்மாவை மட்டும் அனுப்பிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மைதானத்தில் பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. குழந்தைகள் காப்பகத்திலிருந்து தூக்கிவந்த குட்டிப் பெஞ்சில் அண்ணாச்சியை உட்காரவைத்தோம். முழங்கால் தாடையில் இடிக்க, சலவை வேட்டியில், கண்ணை மூடி, வேள்விக்கு வந்தவர் மாதிரி இருந்தார். நான் கையை உயர்த்தினேன். அடித்தார்கள்.

முதலில் மாடசாமி தனியாக. பிறகு எல்லோரும். சகிக்கவில்லை. அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, மறுபடி மூடிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. இன்னும் வேகமாக அடிக்கச் சொல்லிக் கையை வீசினேன்.

அப்போது பனிக்கு அப்பால், எதிர்மலையில், ஒரு தகரம் பதில் சொன்னது.

பிறகு இடது பக்கம் இன்னொன்று. கீழே பள்ளத்தில் பத்துப் பதினைந்து. ஒரு வெடி. நாய்கள். பெண்களின் குரல். பனி முழுக்கத் தகரம்! ஆள் இல்லை, கை இல்லை, ஒலி மட்டும். ஆண்டவன் சாட்சியாகச் சொல்கிறேன், கேட்டவன் மயிர்க்கூச்செறிவான். மாடசாமி கையிலிருந்த கம்பைக் கீழே போட்டுவிட்டு, "ஏலே, ஏலே" என்று என் சட்டையை இழுத்தான். நான் அவனைத் தள்ளிவிட்டேன். மலை கரகரப்பைப் புரிந்துகொண்டது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர்.

"தம்பி, எதிர்மலையிலயும் ஆள் போட்டிருக்கீகளா?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன். (நாக்கு அழுகியிருக்க வேண்டும்.) "எல்லாம் ஏற்பாடுதான்."

"அசஞ்சிருச்சுப்பா. நெஞ்சு அசஞ்சிருச்சு. பத்திரிக எம் மிசின்ல. சத்தியம்."

கரகரப்பு அச்சேறிவிட்டதாகவே நான் நினைத்த அந்த நிமிஷத்தில் பனியைக் கிழித்துக்கொண்டு ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். எரியும் சாக்கு, அரிவாள், வெடிக்கட்டு. முன்னால் பட்டுச் சட்டையில் கருப்பையா அண்ணன்.

"எங்கலே நிக்குது? ஒத்தையா, கூட்டமா?"

உண்மையைச் சொல்ல நல்ல நேரம். நான் பள்ளத்துப் பக்கம் கையைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று கேட்காதீர்கள், கை தானாகப் போயிற்று. பாதிக்கூட்டம் கூச்சல் போட்டுக்கொண்டு சதுப்புக்குள் இறங்கி இடுப்பளவு சேற்றில் நின்றது. 'ஆனை' என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணாச்சி காணாமல் போனார்.

கருப்பையா அண்ணன் மட்டும் நகரவில்லை. பெஞ்சைப் பார்த்தார். அரைவட்டமாக அடுக்கியிருந்த டின்களைப் பார்த்தார்.

"தகரத்தத் தட்டுனது யாரு?"

"நாங்கதாண்ணே."

"ஆன?"

"ஆன இல்லண்ணே."

"பெறகு எதுக்குலே தட்டுன?"

"இசைக்கு."

"எதுக்கு?"

"இசைக்குண்ணே. ஒலிக்குப் பொருள்..."

முடிக்கவில்லை. அவர் கை முடித்தது. அந்த அறையின் பொருள் எனக்கு உடனே விளங்கியது.

அவர் மனைவி பேச்சியம்மா அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "அடப் பாவி! எல போட்டு உக்காந்த பந்தியப் போட்டுட்டு ஓடியாந்தமேடா! கறிச்சட்டி கவுந்து, நாயிக வரிசையில உக்காந்து திங்குதுக! ஆசாரி ஒரு காத மட்டும் குத்திட்டு ஓடிட்டான், எம்புள்ள ஒத்தக் காதோட கெடந்து அலறுது! இசையாம்ல இச! ஒன் வாயில அந்த டின்ன வைக்க!"

கூட்டத்தில் என் அம்மாவும் இருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "என்னைய ஏன் பாக்கீக? இவன் எம்புள்ளயே இல்ல. ஆசுபத்திரியில மாத்திட்டாக" என்றாள். நான் லயத்தில் பிறந்தவன். யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

அண்ணாச்சியை விறகுக் கொட்டகைக் கூரைமேல் கண்டுபிடித்தார்கள். ஏணி வைத்து இறக்கினோம். வேட்டி ஒரு தகட்டில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. மாடசாமியின் சாரத்தைக் கட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு நடந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணாச்சி, நெஞ்சு அசஞ்சது நெசந்தான?"

"அசஞ்சது நெசம். இப்பவும் நிக்கல" என்றார். "தம்பி, எனக்குக் கல்யாணப் பத்திரிகயே போதும்."

கரகரப்பு செத்தது. கருப்பையா அண்ணன் மேனேஜர் துரையின் பங்களா வரை போய், அந்தச் சீசன் முழுக்க ஏலக்காட்டுக் காவலுக்கு என்னைப் போடவைத்தார். மரத்துமேல் பரணில் உட்கார்ந்து, ஆனை வந்தால் தகரம் தட்ட வேண்டும். தட்டினேன். பொருளோடு தட்டினேன்.

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். மலைக்கு அச்சகம் என்றால் போடியில் அண்ணாச்சியுடையதுதான். முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு அம்மாவை அனுப்பினேன். மஞ்சள் தடவிய கட்டு வந்தது. சுற்றமும் நட்பும் சூழ வருக என்பதற்குக் கீழே, யாரும் எழுதிக்கொடுக்காத ஒரு வரி இருந்தது:

'குறிப்பு: நாதஸ்வரம், மேளம் மட்டுமே. தகரம் தட்டப்படமாட்டாது.'

திரும்ப அடிக்கச் சொல்லிக் குதித்தேன். "சும்மா கெட. இதப் போட்டாத்தான் எதிர்மலை சனம் பந்தியில தைரியமா உக்காரும்" என்றாள் அம்மா. உட்கார்ந்தார்கள். பேச்சியம்மா அக்கா எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து, என்னைப் பார்த்தபடியே மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதோடு விட்டார்களா? மகள் கல்யாணத்துக்கும் அந்த வரி வந்தது. பேரன் மொட்டைக்கும் வந்தது. போன மாதம் பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்குப் போனிலேயே அழைப்பு அனுப்பினார்கள், அதிலும் பூப்படத்துக்குக் கீழே அதே வரி. மாப்பிள்ளை வீட்டார் சென்னைக்காரர்கள். தயங்கித் தயங்கி, இது என்ன சம்பிரதாயம் என்று கேட்டார்கள். என் மனைவி சிரிக்காமல், "எங்க குல வழக்கமுங்க" என்றாள்.

இசையைப் பற்றி எங்கள் குடும்பத்திலிருந்து விடாமல் அச்சேறிக்கொண்டிருப்பது அந்த ஒரு வரிதான். அதையும் நான் எழுதவில்லை.