பின்பக்கம் ஓடிய மைல் மீற்றர்

பரமலிங்கத்தார் ஒரு பெரிய முடிவு எடுத்தார். தன் நேர்மையை இனி வாயால் நிரூபிப்பதில்லை, மைல் கணக்கில் நிரூபிப்பது என்று.

நிரூபிக்கவேண்டிய நிலைமைக்கு அவரைக் கொண்டுவந்தது ஒரு மண்ணெண்ணெய்க் கான். சண்டையில் பாதை பூட்டியதில் பெற்றோல் என்ற சாமானைப் புத்தூர்ச் சனம் கண்ணால் கண்டு இரண்டு வருசம். மோட்டார் சைக்கிளுக்கும் மண்ணெண்ணெய், விளக்குக்கும் மண்ணெண்ணெய், வெங்காயத்துக்கு இறைக்கிற மெசினுக்கும் மண்ணெண்ணெய். வீட்டில் இருந்ததோ அந்த ஒரு கான்தான். அது நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வந்தது.

"இஞ்சேருங்கோ, கானிலை அரைவாசிதான் கிடக்கு. வெங்காயத்துக்கு இன்னும் நாலு தண்ணி விடவேணும். எண்ணெயைப் பேயே குடிக்குது?" என்றாள் மனைவி ஞானாம்பிகை.

"இந்த வெக்கைக்கு ஆவியாய்ப் போகுமெல்லே?"

"இறுக்கி மூடின கானுக்குள்ளாலையோ?"

பரமலிங்கத்தார் வானத்தைப் பார்த்தார். குடித்த பேய் அவர்தான். வெங்காயம் செய்கிற கமக்காரர் சங்கத்துக்குப் போகிறேன் என்று வெளிக்கிடுவார். சங்கம் போக வர நாலு மைல். ஆனால் மோட்டார் சைக்கிள் போவது உடுப்பிட்டியில் சிநேகிதன் நீக்கிலாப்பிள்ளை வீட்டுப் பின்கொட்டிலுக்கு. அங்கே நாலு பேர் கூடி முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாடுவார்கள். கடுதாசியைக் கையில் எடுத்தால் மனுசனுக்கு வெங்காயமும் தெரியாது, வீடும் தெரியாது. போக வர பன்னிரண்டு மைல். அதுவும் தார் ரோட்டால் போகமுடியாது, ஞானாம்பிகையின் சொந்தக்காரர் வேலிக்கு வேலி நிற்பார்கள். வயல் வரம்பு, மணல் ஒழுங்கை, பற்றைக்காடு என்று சுற்றிப் போகவேண்டும். அதற்கென்றே உயர்ந்த சில்லும் முள்ளுமுள்ளான ரயரும் வைத்த ஒரு பழைய ஹொண்டாவை வாங்கி வைத்திருந்தார். ஒரு குறை, அதில் மைல் மீற்றர் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

"அந்த ஓட்டையிலை ஒரு மீற்றர் பூட்டுறன். ஒவ்வொரு நாளும் நீயே பார். அப்ப தெரியும் நான் எவ்வளவு ஓடுறன் எண்டு," என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

"நல்ல யோசினை. நானும் வாறன்," என்று ஞானாம்பிகை பின்சீற்றில் ஏறிக்கொண்டாள். இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

கராச்சில் ஏரம்பர் மூன்று பழைய மீற்றர்களைத் துடைத்து மேசையில் வைத்தார். ஒன்று சைக்கிள் கம்பியில் தட்டித் தட்டி எண்ணுகிற சாதி. பற்றைக்குள் போனால் முதல் முள்ளோடு அது சரி. இரண்டாவதைத் தூக்கியபோது ஏரம்பரின் முகம் மலர்ந்தது.

"இது விசேசம். ஒரு பயணத்துக்கு எத்தினை மைல் எண்டு தனியாய்க் காட்டும். இந்தப் பொத்தானை அமத்தினால் திரும்பவும் சைபர்."

பரமலிங்கத்தாருக்கு வயிற்றில் பால் வார்த்தது. திரும்பி வரும்போது வீட்டுக்கு நாலு மைல் இருக்க ஓர் அமத்து. எவ்வளவு சுகம்! "இதுதான் வேணும். யப்பான்காரன் மூளைசாலியப்பா," என்றார்.

ஞானாம்பிகை மூன்றாவதை எடுத்தாள். "இதுக்குப் பொத்தான் இல்லையோ, ஏரம்பண்ணை?"

"இல்லைத் தங்கச்சி. உது கூட்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான்."

"அப்ப இதைப் பூட்டுங்கோ."

"ஞானம், உது பயணம் பயணமாய்க் காட்டாது!"

"காலமை ஒருக்காப் பாப்பன், பின்னேரம் ஒருக்காப் பாப்பன். எனக்குக் கழிக்கத் தெரியும். பொத்தான் இருந்தால் பிள்ளையள் அமத்திப்போடுங்கள்."

"எங்களுக்கு எங்கையடி பிள்ளையள்? இருந்த ஒண்டையும் கட்டிக் குடுத்தாச்சு."

"வீட்டிலை வயதுபோன பிள்ளை ஒண்டு இருக்குதுதானே," என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடிக்க ஏரம்பர் வீட்டுக்குள் போனாள்.

பரமலிங்கத்தார் பிரேதம் மாதிரி நின்றார். ஏரம்பருக்கு இரக்கம் வந்துவிட்டது. காதுக்குக் கிட்ட வந்து, "முழிசாதை. வண்டியை ஸ்ராண்டிலை போட்டு, முன்சில்லைக் கையாலை பின்பக்கமாய்ச் சுத்து. இலக்கமும் பின்னுக்குப் போகும்," என்றார்.

அடுத்த நாளே உடுப்பிட்டி. பின்னேரம் வந்து, மாட்டுக்கொட்டிலுக்குள் வண்டியை விட்டு, ஒரு பெட்டியில் குந்தி, சில்லைச் சுற்றத் தொடங்கினார். எட்டு மைல்! தோள்மூட்டுக் கழன்றது. சுற்றுகிற வேகத்தில் கணக்குத் தப்பிவிட்டது.

ஞானாம்பிகை மீற்றரைக் குனிந்து பார்த்தாள். "காலமை இருநூற்றிப் பன்னிரண்டு. இப்ப இருநூற்றியெட்டு. என்னப்பா, இண்டைக்குச் சங்கத்துக்குப் பின்பக்கமாவே போனனீங்கள்?"

"அது... புதிசாய்ப் பூட்டினதெல்லே. சூட்டுக்குக் கொஞ்சம் சுருங்கும்."

"ஓம், ஓம். சுருங்கும்தானே," என்றாள். அவ்வளவுதான். பரமலிங்கத்தார் அன்று இரண்டு பிட்டு கூடுதலாய்ச் சாப்பிட்டார்.

நாலாம் நாள் அவள் ஒரு சைக்கிள் டைனமோவோடு வந்தாள். "பாவம், பெற்றரி செத்த வண்டியிலை மைம்மல் இருட்டுக்கை வாறியள். ஏரம்பண்ணையைக் கொண்டு இதை முன்சில்லிலை பூட்டுவிப்பம். சில்லுச் சுத்தினால் லைற் எரியும். டைனமோவைச் சில்லிலை இருந்து ஒருநாளும் தட்டி விடாதேங்கோ, பிறகு பிழைச்சுப்போகும்."

இப்படி ஒரு மனுசியை ஏமாற்றுகிறோமே என்று அவருக்கு மனம் பொறுக்கவில்லை. பொறுக்காத மனத்தோடு மறுநாளும் உடுப்பிட்டிக்குப் போனார்.

டைனமோ பூட்டியபிறகு சில்லு இரண்டு மடங்கு பாரம். விட்டால் நின்றுவிடும், ஓயாமல் சுற்றவேண்டும். லைற்றோ எரியவில்லை. பல்ப் போயிருக்கும், கேட்டால் வில்லங்கம் என்று பேசாமல் இருந்தார். பின்னேரம் ஆறரைக்கு உட்கார்ந்தால் எழும்ப ஏழேகால் ஆகும். அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் பெண்டுகள் கூடி றேடியோ நாடகம் கேட்பார்கள். கரண்டும் பெற்றரியும் இல்லாத ஊரில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ பாடும். பக்கத்து வீட்டு இரத்தினம்மா தன் சைக்கிளைக் கொண்டுவந்து மிதித்து றேடியோ போடுகிறாள் போல, நல்லதுதான், இந்தப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் கை விறைத்து நிறுத்தினார். குசினிக்குள், "ஐயோ! அந்தப் பெட்டையைக் கிணத்துக்கை தள்ளப்போற நேரத்திலை!" என்று ஒரு சத்தம்.

சுற்றினார். சத்தம் அடங்கியது.

நிறுத்தினார். "சனியன், திரும்பவும் நிண்டிட்டுது!"

பரமலிங்கத்தாருக்கு ஏதோ உறைத்தது. டைனமோவில் இருந்து ஒரு வயர் புறப்பட்டது. லைற்றுக்குப் போகவேண்டியது போகவில்லை. கொட்டில் கப்புத் தூணால் ஏறி, வேலிக் கிடுகோடு ஓடி, குசினி யன்னலுக்குள் நுழைந்தது. அவரும் அதன் பின்னாலேயே போனார்.

உள்ளே பாயில் ஆறு பெண்டுகள். நடுவில் ஊமையாகிப்போன றேடியோ. பக்கத்தில் ஏரம்பரின் மனைவி அருமைநாயகி வேறு, ஏரம்பர் காதுக்குள் சொன்ன வித்தை இங்கே வந்த வழி அதுதான். சைக்கிள் ஒன்றும் இல்லை.

கையும் களவுமாய் அகப்பட்டது தான்தான் என்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் கண் கலங்கிவிட்டது.

"ஞானம், என்னை மன்னிச்சுக்கொள். வெங்காயத்தின்ரை எண்ணெயைக் குடிச்ச பேய் நான்தான். இனி உடுப்பிட்டிப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டன். முருகனாணை!"

"அது எனக்குத் தெரியுமப்பா. கானைக் காலமையே இரத்தினம்மாக்கா வீட்டை வைச்சுப் பூட்டிப்போட்டன். அவ்வளவும் வெங்காயத்துக்குத்தான். இனி மோட்டச்சைக்கிள் நகராது."

எண்ணெய் இல்லை. உடுப்பிட்டி இல்லை. உடுப்பிட்டி இல்லையென்றால் பின்பக்கமாய் எட்டு மைலும் இல்லை. தோள்மூட்டைத் தடவிக்கொண்டு பரமலிங்கத்தார் பெரிய மூச்சு விட்டார். "அப்பாடா. அப்ப இனி நான் சில்லுச் சுத்தத் தேவையில்லை."

"ஆர் சொன்னது? கெதியாய்ப் போய்ச் சுத்துங்கோ," என்றாள் ஞானாம்பிகை. "நாடகம் முடிய இன்னும் எண்பத்தேழு அங்கம் கிடக்கு."