குருவி வராத காரணம்

கதவைத் திறந்த குருவியின் இடுப்பில் தம்பி. தோளெல்லாம் அவன் வடித்த எச்சில். எட்டாம் வகுப்பில் கணக்குப் புலி என்று பேர் வாங்கிவிட்டு, திடுதிப்பென்று நின்றுபோன பெண்.

சுவரொட்டி, ஊர்வலம், உறுதிமொழி எல்லாம் பார்த்தாயிற்று. நின்றுபோகிற பிள்ளைகள்தான் குறையவில்லை. நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று கிளம்பி வந்திருந்தார் தலைமை ஆசிரியை.

"ஏம்மா வர்றதில்ல?"

"அம்மா தையல் வேலைக்குப் போயிடறாங்க டீச்சர். இவனை யாரு பாத்துக்கறது?"

"அவ்வளவுதானா? இவனையும் தூக்கிட்டு வா!"

இந்தச் சின்ன விஷயம் மேலிடத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று அவருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

குருவி தம்பியோடு வந்தாள். சேதி பரவியது. நின்றுபோனவர்களெல்லாம் ஆளுக்கொரு வாண்டோடு வந்தார்கள். ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களையும், "சும்மாதானே போறே, இவளையும் தூக்கிட்டுப் போ" என்று வீட்டில் அனுப்பிவைத்தார்கள்.

கணக்கு வாத்தியார் ஓடிவந்தார்.

"மேடம், ஒருத்தன் சாக்பீஸைத் தின்னுட்டான்! சத்தமா நடத்தினா குழந்தைங்க அழுவுது. மெதுவா நடத்தினா கிளாஸே தூங்குது."

"அது எப்பவும் நடக்கறதுதானே சார்?"

ஆசிரியர் அறை காலியானது. மேசை நாற்காலி வெளியே, தொட்டில்கள் உள்ளே. முறைபோட்டு ஆட்ட வேண்டியவர்கள் ஆசிரியர்கள். அறிவியல் டீச்சர் ஆட்டப் போனால் ஏழாம் வகுப்பு மதில் ஏறியது. கணக்கு வாத்தியார் ஆட்டப் போனால், குழந்தைக்கு முன்னால் அவர் தூங்கினார்.

"பிள்ளைங்க வந்துட்டாங்க மேடம். இப்போ நாங்கதான் கிளாஸுக்குப் போறதில்ல!"

அன்று சாயங்காலமே தலைமை ஆசிரியை குருவியின் அம்மாவைப் பிடித்தார்.

"நீங்க வந்து பாத்துக்குங்கம்மா. பிள்ளை வளர்த்த கை."

"வேலை இருக்கே டீச்சர்..."

"உங்க பொண்ணு படிப்புக்காகத்தானே கேக்கறேன்?"

அந்தம்மா என்ன செய்வாள், தலையாட்டினாள்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இருந்தது. அவள் தொட்ட குழந்தை தூங்கியது. தலைமை ஆசிரியை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வகுப்பு வகுப்பாக வலம் வந்தார். எட்டாம் வகுப்பில் மட்டும் குருவியின் இடம் காலி.

"எங்கேம்மா அவ?" என்று தொட்டில் அறைக்கு வந்து கேட்டார்.

"வருவா டீச்சர்" என்று முகம் பார்க்காமல் தொட்டிலை வேகமாக ஆட்டினாள் அம்மா.

போய்ப் பார்த்தால், வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தெருக்கோடித் தையல் கடையைக் கைகாட்டினார். அங்கே குருவி, கால் எட்டியும் எட்டாமலும் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க என்னடி பண்றே? உனக்காகத்தானே இத்தனை ஏற்பாடும்!"

குருவி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அம்மாவைத்தான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்களே டீச்சர். அவங்க வேலையை யாரு பாக்கறது?"