மாமா பிடித்த நல்ல தண்ணீர்

ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண் புத்திசாலியாகத்தான் இருப்பாள் என்று எங்கள் லப்பைக்குடிக்காட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. என் வீட்டில் மட்டும் அது இல்லை. அதை ஒழித்தவள் நான்தான்; அதில் எனக்குக் கூட்டாளி என் தாய்மாமா ஜபருல்லா.

அப்போது பெரம்பலூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். செல்களை ஒரு ரோஜா நிறத் திரவத்தில் வளர்ப்போம். எங்களுக்கு வேண்டிய புரோட்டீனை அவை அந்தத் திரவத்தில் விடும். மூன்று வாரம் வளர்த்தால் இரண்டு லிட்டர் சேரும். அதைக் கால் டம்ளராகக் குறைத்தால்தான் சோதிக்க முடியும். அதற்கு எந்த வடிகட்டி வாங்கலாம் என்று பார்க்கும் பொறுப்பை ஆய்வகத் தலைவர் சுமதி மேடம் என்னிடம் கொடுத்தார்.

ஒரு வகை, மெஷினில் வைத்துச் சுழற்றும் சின்னக் குழாய்கள் (இரண்டு லிட்டரும் முடிவதற்குள் எனக்குப் பேரன் பிறந்துவிடுவான்). இன்னொன்று, பம்ப் வைத்துத் திரவத்தை ஒரு மெல்லிய வடிகட்டிச் சவ்வின் மேல் ஓடவிடுவது. குழம்பிப்போய் மாமாவிடம் கேட்டேன். வளைகுடாவில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் இருபது வருஷம் இருந்தவர்.

"பம்பு வச்சத வாங்கு புள்ள. தண்ணி சவ்வு மேல ஓடிக்கிட்டே இருந்தாத்தான் அடைக்காது" என்றார்.

மேடமும் அதையே சொன்னார். அன்றிலிருந்து மாமாதான் எனக்குப் பல்கலைக்கழகம்.

மெஷின் வந்து, முதன்முதலாக ஓட்டும் நாள். தான் தேர்ந்தெடுத்ததைப் பார்க்க மாமாவும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்துவிட்டார். அரியலூரிலிருந்து வர வேண்டிய மேடம், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ்ஸில் மாட்டிக்கொண்டார். "நீ ஆரம்பிச்சிடும்மா, வந்துடறேன்" என்று போன்.

ஆரம்பித்தேன். சவ்வைத் தாண்டிய தண்ணீர் ஒரு கேனில், தெளிந்த ரோஜா நிறத்தில் சொட்டியது.

"மாஷா அல்லா, நல்ல தண்ணி. கலர் கொஞ்சம் இருக்கு, போவப்போவ சரியாயிடும்" என்றார் மாமா.

கடைசியில், ஊற்றிய பாத்திரத்தின் அடியில் கால் டம்ளர் கலங்கல் மிஞ்சியது. "இத என்ன மாமா பண்றது?"

"அது கழிவு. நாங்கள்லாம் கடல்ல விட்டுருவோம்."

பெரம்பலூரில் கடலுக்கு எங்கே போவது? பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றி, தொட்டியை ப்ளீச்சும் போட்டுக் கழுவிவிட்டேன். கேனைப் பயபக்தியுடன் ஃபிரிட்ஜில் வைத்தேன்.

மேடம் வந்ததும் கேனைக் காட்டினேன். அவர் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டு லிட்டர் ஊத்தி ரெண்டு லிட்டர் எடுத்திருக்க. புரோட்டீன் எங்கம்மா?"

அப்போதுதான் உறைத்தது. கடல் தண்ணீரில் வேண்டியது சவ்வைத் தாண்டிப் போவது. எங்களுக்கு வேண்டியதோ தாண்ட முடியாமல் தங்கிவிடுவது. மூன்று வாரப் புரோட்டீனைச் சாக்கடைக்குத் தாரை வார்த்திருந்தேன். இரண்டே நாளில் முடிவைக் காட்ட வேண்டும். கண்ணில் நீர் முட்டியது.

மாமா முன்னால் வந்தார். "தப்பு என்னோடதுங்க மேடம். புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க."

மேடம் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "குழாயெல்லாம் கழுவிட்டியா?"

"இல்ல மேடம். கழுவத்தான் போனேன். மொதல்ல டீ குடிப்போம்னு மாமா கூட்டிட்டுப் போயிட்டாரு."

மேடம் சிரித்துவிட்டார். குழாய்களுக்குள்ளும் சவ்வின் மடிப்புகளுக்குள்ளும் அந்தக் கலங்கல் கொஞ்சம் தங்கியிருக்குமாம். உப்புக்கரைசலைக் கொஞ்சமாக விட்டு மெல்லத் தள்ளினோம். நாலு ஸ்பூன் தேறியது. மறுநாள் சோதனையில், புரோட்டீன் இருந்தால் தெரிய வேண்டிய இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. மேடம் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார் (பாராட்டா, பாக்கிக் கோபமா என்று இன்றுவரை கேட்கவில்லை).

மாமா இந்தக் கதையை வீட்டில் வந்து தானே சொன்னார், காப்பாற்றிய டீயில் தொடங்கி. ஆனால் பலன் எனக்குத்தான். எனக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை முதன்முறை விருந்துக்கு வந்த அன்று, சோறு வடிக்க நான் பானையைத் தூக்கியதும் அம்மா அடுப்படிக்கு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வுடு. சோத்தக் கொட்டிட்டு மாப்பிள்ளைக்குக் கஞ்சியத்தான் வைப்ப."

இப்போது அதை மாப்பிள்ளைதான் தினமும் சொல்கிறார்.